மேற்கணக்குக்கு லைன் வந்த கதை

ஜெயந்தினி கோபக்காரி என்று மேற்கணக்கில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சரி, கோபக்காரிதான். ஒரு மனுஷி மூன்று வருஷமாக ஒரு வெள்ளைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிற மாதிரி வீட்டுக்குள் மூலை மூலையாக அலைந்தால், கோபம் வராமல் கும்மியடிக்கவா தோன்றும்?

பெட்டி என்றால் ரவுட்டர். பதுளை டவுனில் ஸாஹிர் நானாவின் போன் கடையில் வாங்கியது. "தங்கச்சி, இத வச்சா உங்கட வீட்டுல படம் ஓடும், பாட்டு ஓடும், ஆபீஸே ஓடும்" என்று சொல்லித்தான் அவர் விற்றார். கடைசியில் ஓடியது ஜெயந்தினி ஒருத்திதான்.

மேற்கணக்கு என்பது பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆக உச்சியில் இருக்கிற பிரிவு. பஸ் கீழே தேயிலை ஸ்டோர் வாசலோடு நின்றுவிடும். அதற்கு மேலே நடராஜா சர்வீஸ்தான். சிக்னலும் அதே பஸ்ஸில் வந்து அங்கேயே இறங்கிக்கொள்கிறதோ என்னவோ, மேலே ஏறி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இத்தனைக்கும் எதிர்மலையில் டவர் நிற்கிறது. இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில் நின்று துணி காயப்போடும்போது நேராக முகத்துக்கு முன்னால் தெரியும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதை ஒவ்வொரு நாளும் ஈரத்துணியோடு நின்று பார்க்கிற தலையெழுத்து அவளுக்கு.

லைன், அதாவது இன்டர்நெட், எதற்கு அவளுக்கு? நாடகம் பார்க்கவா? அதற்கெல்லாம் இல்லை. அவள் புருஷன் சுரேஸுக்காகத்தான்.

சுரேஸ் கொழும்பில் வேலை செய்கிறான். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் கணக்கு வழக்குகளைக் கம்ப்யூட்டரில் பார்த்துக் கொடுக்கிற ஆபீஸ். வத்தளையில் நாலு பேரோடு ஒரு ரூமில் இருக்கிறான். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் அவன் வந்து போன நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷம் தேறுமோ தேறாதோ. மகள் யசோதினி ரெண்டாம் வகுப்பு படிக்கிறாள். அப்பா என்றால் அவளுக்குப் போன்தான். கொரோனாவுக்குப் பிறகு அந்த ஆபீஸில் பாதிப்பேர் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறார்கள். ஒருவன் மாத்தளையிலிருந்து செய்கிறான், இன்னொருத்தி மட்டக்களப்பிலிருந்து செய்கிறாளாம். இதைச் சுரேஸே சொன்னான். சொல்லிவிட்டு, "நம்ம வீட்டுல லைன் மட்டும் நல்லா இருந்தா நானும் மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துருவேன் ஜெயா. லைன்தான் இல்லியே" என்றான்.

அவ்வளவுதான். லைன் வந்தால் புருஷன் வருவான். ஜெயந்தினி அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டியை முதலில் ஜன்னலில் வைத்தாள். மழைச் சாரல் அடித்தது. அலுமாரி மேல் வைத்தாள். எலி வயரைக் கடித்தது. கொழுந்துக் கூடைக்குள் வைத்துக் கூரைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டாள். காற்றடித்தால் கூடை ஆடும், கூடை ஆடினால் சிக்னல் ஆடும். வீடியோவில் சுரேஸ் "யசோக்குட்..." என்று வாயைத் திறந்தபடி கால் மணி நேரம் அப்படியே நிற்பான். பிள்ளை பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் விளையாடப் போய்விடும்.

லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக்கிடக்கிற அந்த வரிசை வீடுகளில், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இலவசம்தானே! பக்கத்துக் காம்பரா இராசையா மாமா முன்னே தோட்டத்துக் காவல்காரர். "பெட்டிக்குப் பின்னால ஒரு ஈயச்சட்டி மூடிய நிமித்தி வையி புள்ள. சிக்னலு அதுல முட்டித் திரும்பி வரும்" என்றார். வைத்துப் பார்த்தாள். உண்மையிலேயே கொஞ்சம் கூடியது. ஆனால் சோறு வேகிற நேரத்தில் மூடி வேண்டுமே! சோறா சிக்னலா என்று தினமும் மத்தியானம் ஒரு பட்டிமன்றம் நடந்தது. சோறுதான் ஜெயித்தது, ஏனென்றால் நடுவர் மாமியார் பெரியாயி.

கடைசியில் ஸாஹிர் நானா ஒரு வெளி ஏரியலைத் தலையில் கட்டினார். கூரை மேல் அதைப் பூட்டி எதிர்மலையைப் பார்த்துத் திருப்பி வைத்து, பெட்டியைச் சாமிப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் வைத்தபோது, அட, வேகம் பிடித்தது! ஆஹா ஓஹோ என்றில்லை. ஆனால் சுரேஸ் வாயைத் திறந்தால் மூடவும் செய்தான். ஜெயந்தினி அன்றைக்கே போனில் கத்தினாள். "என்னாங்க, வந்துருச்சு! நீங்க வாங்க! ஒரு கெழமை, ஏழு நாளு, இங்கருந்து வேல செஞ்சு பாருங்க!"

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, "சரி, நவராத்திரிக்கு வாறேன். ஆபீஸுல ஒரு கெழமை பாக்கச் சொல்லிருக்காங்க. சரி வந்துச்சுன்னா அங்கயே இருக்கலாம்" என்றான்.

லெப்டொப்பும் கையுமாகச் சுரேஸ் வந்து இறங்கியபோது யசோதினி அவன் காலைக் கட்டிக்கொண்டு ஸ்டோர் வாசலிலிருந்து மேலே வரை விடவே இல்லை. முதல் ரெண்டு நாளும் வேலை ஓடியது. ஜெயந்தினி யாரையும் இருமக்கூட விடவில்லை. இராசையா மாமாவின் ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டு வந்து தன் துணிப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள். புள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடத்தில்தான் அவளுக்கு வேலை. அங்கே தொட்டில் ஆட்டும்போதெல்லாம் மனசு வீட்டிலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் ஆயுத பூசை. அன்று பின்னேரம்தான் சுரேஸுக்குப் பெரிய மீட்டிங். மேலதிகாரி, வெளிநாட்டுக்காரன் எல்லாரும் கேமராவில் உட்கார்ந்து பேசுவார்களாம். அது சரியாக நடந்தால் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி உறுதி என்று முந்தின நாளே சொல்லியிருந்தான்.

புள்ளைக் காம்பராவில் சுண்டல் கொடுத்து முடித்துவிட்டு ஜெயந்தினி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். வந்து பார்த்தால் சாமிப் பலகைக்கு முன்னால் வாழையிலை விரித்திருக்கிறது. இலையில், செத்துப்போன மாமனார் தேயிலைச் செடியைக் கழித்துவிட வைத்திருந்த கவ்வாத்துக் கத்தி. அதற்குப் பக்கத்தில் மாமியாரின் கொழுந்துக் கூடை. யசோதினியின் பள்ளிக்கூடப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், வயரெல்லாம் கழற்றிச் சுருட்டி வைக்கப்பட்டு, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக, தலையில் ஒரு செவ்வந்திப் பூவோடு, புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது ரவுட்டர்!

"அத்தே! என்னா காரியம் பண்ணி வச்சிருக்கீங்க!"

பெரியாயி கற்பூரத் தட்டோடு திரும்பினாள். "பூசைக்கு வச்சிருக்கு ஜெயா. தொடாத. விடிஞ்சுதான் எடுக்கலாம்."

பூசைக்கு வைத்ததை விஜயதசமி விடியும் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. தொட்டால் அந்தத் தொழில் விளங்காது. கத்திக்கும் கூடைக்கும் அன்றைக்கு ஓய்வு. தாத்தா முப்பாட்டன் காலத்து வழக்கம் அது. அதை மீற மேற்கணக்கில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஜெயந்தினிக்கு இருந்தது. கையை நீட்டிப் பெட்டியை எடுக்கவே போனாள். சுரேஸ்தான் குறுக்கே வந்தான்.

"வேணாம் ஜெயா. சாமி குத்தம். அம்மா மனசு சங்கடப்படும்."

"ஒங்க மீட்டிங்கு?"

"மலைக்கு மேல போயிப் போனுல பாக்குறேன். விடு."

லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போனவன் பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தான். சரிவரவில்லை, ஆபீஸில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றான். விஜயதசமி அன்று காலை பஸ்ஸில் ஏறினான். யசோதினி ஸ்டோர் வாசலில் உருண்டு புரண்டு அழுதாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே சாமிக்கு முன்னாலேயே வைத்துக் கழுத்தை அறுத்தாகிவிட்டது.

அன்றிலிருந்து ஜெயந்தினி மாமியாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தேத்தண்ணியை ஊற்றி வைப்பாள், "குடிங்க" என்பாள், அவ்வளவுதான். பேச வேண்டியதையெல்லாம் சுவரிடம் பேசினாள். "புத்தியுள்ளவங்க கரண்டுல ஓடுற சாமானுக்குப் பூ வைப்பாங்களா? ஒரு பிள்ளை அப்பனோட இருக்கிறது சில பேருக்குப் பொறுக்கல." சுவர் பதில் சொல்லாது. பெரியாயியும் சொல்லவில்லை. எருமை மாட்டு மேல் மழை பெய்த மாதிரி இருக்கிறாளே என்று இவளுக்கு இன்னும் எரிந்தது.

ஏரியல் அந்த மாரி மழையிலேயே செத்துப்போனது. குரங்கு ஒன்று அதில் ஊஞ்சல் கட்டியது என்றால் நம்பவா போகிறீர்கள்? கூரையிலிருந்து அதை இறக்கிய அன்றைக்குத்தான் ஜெயந்தினிக்கு வெறி பிடித்தது. காற்றில் வருகிற லைனை இனி நம்புகிறதில்லை. கம்பியில் வருகிற லைன் வேண்டும்.

பைபர் கம்பி கீழே ஸ்டோர் வரைக்கும் வந்துவிட்டது. மேலே வர என்ன கேடு? பதுளையில் அந்தக் கம்பனி ஆபீஸுக்குப் போய்க் கேட்டாள். "அந்த ஏரியாவுல இல்லையே" என்று ஒருவர் அனுப்பினார். திரும்பவும் போனாள். "தோட்டம்னா கஷ்டம்" என்று இன்னொருவர் அனுப்பினார். திரும்பவும் போனாள். கவுண்டரில் இருந்த நளீரா என்ற பிள்ளைதான் இவள் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு உண்மையைச் சொன்னது. "அக்கா, ஒரு வீட்டுக்காகக் கம்பம் நட மாட்டாங்க. நீங்க பத்து வீடு சேத்துக்கிட்டு வாங்க. அதோட தோட்டத்துத் தொரைட அனுமதியும் வேணும். காணி அவங்கடதானே?"

காணி அவங்கடதான். இருநூறு வருஷமாக அவங்கடதான். ஒரு ஆணி அடிக்கவும் தோட்டத்து மெனேஜரான தொரையைக் கேட்க வேண்டும். சரி, கேட்டுத் தொலைப்போம்.

பத்து வீடு சேர்க்கிறதற்குள் அவளுக்கு நாக்கு வெளியே தள்ளிவிட்டது. ஒரு வீட்டில் "எங்களுக்கெதுக்கு, நாங்க என்னா ஆபீஸா நடத்துறோம்?" என்றார்கள். இன்னொரு வீட்டில் "அது வந்தா பொடியன் கெட்டுப்போவான்" என்றார்கள். அந்தப் பொடியன் ஏற்கனவே கெட்டு ரெண்டு வருஷமாகிறது, அதை அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கல்லில் நார் உரிக்கிற வேலை. இராசையா மாமா மட்டும், "ரேடியோவத் திருப்பிக் குடு, என் பேரப் போட்டுக்க" என்றார். கொடுத்தாள்.

பத்து வீடு சேர்ந்த பிறகு இன்னொரு பூதம் கிளம்பியது. கம்பங்களை லயத்துக்கு மேலே இருக்கிற சரிவில் நடப் போகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெண்கள் கூட்டமாக வந்து வாசலில் நின்றார்கள். "மேல குழி வெட்டாத ஜெயந்தினி. மழ நேரம் தண்ணி எறங்கும். மீரியபெத்தையில எத்தன பேரு மண்ணுக்குள்ள போனாங்கன்னு ஒனக்குத் தெரியாதா?" இதற்கு மட்டும் அவளால் கோபப்பட முடியவில்லை. மழை விடாமல் பெய்கிற ராத்திரிகளில் அவளும்தான் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு மண்ணின் சத்தத்தைக் கேட்டபடி கிடக்கிறாள். மறுபடி பதுளைக்குப் போய், கீழே பாதையோரமாகவே கம்பம் வர வேண்டும் என்று நளீராவிடம் மன்றாடி மாற்றிக்கொண்டு வந்தாள்.

அப்புறம் தொரை. தொரை என்றால் தொரை இல்லை, தொரையின் ஆபீஸ் கிளாக்கர். "தொரை பிஸி, நாளைக்கு வா." மறுநாள் போனால், "தொரை பண்டாரவளைக்குப் போயிட்டாரு, நாளைக்கு வா." இப்படியே ஒரு மாதம் போனது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சொல்கிறார்களே, சரி அழ வைப்போம் என்று ஒரு நாள் காலையில் புள்ளைக் காம்பராவைப் பூட்டினாள். பால்குடி மாறாத பிள்ளைகளிலிருந்து மூக்கு ஒழுகுகிற வாண்டுகள் வரைக்கும் எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போய் ஆபீஸ் வராந்தாவில் உட்கார வைத்தாள். பால் கரைத்துக் கொடுக்கிற நேரம் வந்தது. கொடுக்கவில்லை. ஒன்று ஆரம்பித்தது. ஒன்றைப் பார்த்து மற்றது. பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் ஒரே சுருதியில் கதறினால் எந்தத் தொரை பிஸியாக இருப்பார்? காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன இது?"

"எங்களுக்கு லைன் வேணும் தொரை."

"கொழுந்துச் செடியில ஒரு எலை ஒடையக் கூடாது" என்று சொல்லி, நின்ற நிலையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜெயந்தினி அங்கேயே பாலைக் கரைத்தாள்.

இதில் எதையும் சுரேஸிடம் அவள் சொல்லவில்லை. வந்து முடிந்ததும் சொல்லி அவனைத் திக்குமுக்காட வைக்க வேண்டும் என்று ஆசை. அவன் வாரத்துக்கு ரெண்டு தடவை போன் எடுப்பான். "லைன் இன்னும் அப்பிடித்தானா?" என்று கேட்பான். "ஆமாங்க, அப்பிடித்தான்" என்று அவள் சிரிப்பை அடக்கிக்கொள்வாள். "ம்... என்னா செய்ய?" என்பான் அவன்.

கம்பம் வந்தது. மழை வந்தது. மழை விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தோளில் கம்பிச் சுருளோடு ரெண்டு பேர் மேலே ஏறி வந்தார்கள். அதில் ஒருவன் வெலிமடைச் சிங்களப் பையன், தமிழ் நன்றாகவே பேசினான். சுவரில் துளை போட்டு, மஞ்சள் நிறத்தில் நூல் மாதிரி ஒன்றை உள்ளே இழுத்துவிட்டு, "அக்கா, பொக்ஸ் எங்க வைக்கணும்? அங்க சாமிகிட்ட வச்சிரவா?" என்று கேட்டான்.

"ஐயோ வேணாம் தம்பி!" ஜெயந்தினி சுவரைப் பார்த்துப் பேசுகிற குரலில் சொன்னாள். "சாமிப் பக்கமே வேணாம். இங்க சில பேரு கழட்டிச் சந்தனம் பூசி உக்கார வச்சிருவாங்க."

மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியாயி கத்தியைக் கீழே வைத்தாள். ஏழெட்டு மாதம் அடக்கி வைத்திருந்தது அன்றைக்கு அடங்கவில்லை.

"நானாடி வச்சேன்? சொல்லு, நானா வச்சேன்? எனக்கு அந்த வயரக் கழட்டத் தெரியுமா? எதத் தொட்டா கரண்டு அடிக்கும்னு தெரியுமா? அவன்தான் கழட்டிக் கொண்டாந்து எங்கையில குடுத்தான். 'அம்மா, இதுவும் எனக்கு ஆயுதம்தான். இதயும் வைங்க'ன்னு சொன்னான். பொட்டு வச்சது மட்டுந்தான் நான்."

ஜெயந்தினி மாமியாருக்கு நேர் முன்னால் வந்து நின்றாள்.

"அவரா குடுத்தாரு? மீட்டிங் இருக்கிற அன்னிக்கா?"

"எனக்கென்னாத்தா தெரியும் மீட்டிங்கப் பத்தி? புள்ள சாமிய மறக்காம இருக்கானேன்னு சந்தோசப்பட்டேன்."

"அப்ப இத்தன நாளும் ஏன் அத்தே வாயத் தொறக்கல?"

"நீ கேட்டியா? வந்தோன்ன என்னையத்தானே பேசுன? என்னையப் பேசிட்டுப் போறா, புருஷன் பொண்டாட்டிக்குள்ள வேணாம்னு இருந்துட்டேன்." பெரியாயி மறுபடி கீரையை எடுத்தாள்.

மாமியாரை இத்தனை மாதம் என்னென்ன பேசினோம் என்று நினைக்க ஜெயந்தினிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கவும் நேரமில்லை. வெலிமடைப் பையன் வேலையை முடித்துவிட்டுத் தன் போனைக் காட்டினான். அந்த வீட்டில் அதுவரைக்கும் யாரும் கண்டிராத வேகம். "சுப்பர் லைன் அக்கா. கொழும்புல கூட இப்பிடி இல்ல" என்று சொல்லி, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போனான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சுரேஸைப் போனில் கூப்பிட்டாள். யசோதினி பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள். பெரியாயி கீரைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, தன் மகனைப் பார்க்கிற ஆசையில் கொஞ்சம் தள்ளி வந்து உட்கார்ந்தாள். போன் ஒரு தடவைதான் அடித்தது. எடுத்தான்.

அம்மாடி! அப்படி ஒரு தெளிவு. அவன் சட்டைக் காலர் நைந்திருப்பது தெரிந்தது. காதோரம் ரெண்டு நரை விழுந்திருப்பது தெரிந்தது. எட்டு வருஷத்தில் அவன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பகல் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லையோ என்று இவளுக்குத் தோன்றியது.

"என்னா ஜெயா, இவ்வளவு கிளியரா இருக்கு? டவுனுக்கு வந்தியா?"

"இல்லங்க. நம்ம வீட்டுலதான் இருக்கோம். பைபர் போட்டாச்சு. பத்து வீடு சேத்து, தொரைய மடக்கி, எல்லாம் நானே செஞ்சேன். ஒங்க ஆபீஸுல இருக்கிறத விட வேகமாம். இனிமே வந்துருங்க."

சந்தோஷம் என்று அவன் வாய் சொன்னது. முகம் சொல்லவில்லை. கண் ஒரு பக்கம் போனது. முன்னேயெல்லாம் இந்த இடத்தில் படம் நின்றுவிடும், அல்லது குரல் அறுந்துவிடும். பிறகு அவள் அதற்கு ஒரு அர்த்தம் பண்ணிக்கொள்வாள். இன்றைக்கு ஒன்றும் நிற்கவில்லை. ஒரு மயிரிழை விடாமல் எல்லாம் தெரிந்தது.

"நல்லதுதான்... ஆனா கரண்டு அடிக்கடி போகுமே ஜெயா..."

"பேட்டரி வாங்கலாம்."

"மழ நேரம் கம்பி அறுந்துருச்சுன்னா..."

"அறுந்தா ஒட்டுவாங்க."

"அதுக்கில்ல. ஆபீஸுல இப்ப சட்டமெல்லாம் மாத்திட்டாங்க..."

"பொட்டிய யாரு பூசைக்கு வச்சது?"

அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"கேக்குறது கேக்குதுல்ல? லைன் நல்லாத்தானே இருக்கு? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதீங்க. ஒங்கம்மாவ நான் எத்தன மாசம் நாயாப் பேசுனேன் தெரியுமா? அவுங்களும் வாங்கிக்கிட்டு இருந்தாங்க. அங்க யாராச்சும் இருக்காங்களா? இருந்தா அதயாவது சொல்லித் தொலைங்க!"

"சீ, அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல. புள்ள மேல சத்தியமா இல்ல." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தி என்ன பிரயோசனம்? காதுக்குள் வந்து சொன்ன மாதிரிக் கேட்டது. "மீட்டிங்கெல்லாம் கேமரா போட்டுத்தான் ஜெயா. எல்லாரும் அவங்கவங்க வீட்டுல இருந்து பேசுவாங்க. பின்னால வீடு தெரியும். நான்... வேலைக்குச் சேந்தப்ப பதுளை டவுன்னு சொல்லிட்டேன். மாடி வீடுன்னு. அப்பா கடை வச்சிருந்தாருன்னு. தோட்டத்தான்னு தெரிஞ்சா அங்க எப்பிடிப் பாப்பாங்கன்னு ஒனக்குத் தெரியாது. அந்தத் தகரத்தையும் அந்தச் செவத்தையும் வச்சுக்கிட்டு நான் எப்பிடி உக்காந்து பேசுறது?"

ஜெயந்தினிக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து படித்துத்தானே நீ அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறாய், கடை வைத்தாராம் கடை, அட்டைக்கடியில் கவ்வாத்து வெட்டிச் செத்த மனுஷனுக்குக் கடை கேட்கிறதோ என்று கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். அதற்குள் அவள் தோளை ஒரு கை தள்ளியது. பெரியாயி. ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, போனுக்கு முன்னால் வந்து குனிந்து, மகனின் முகத்தைப் பார்த்தாள்.

"செவருதானய்யா? அதுக்கா இம்புட்டு நாளும் வராம இருக்க? நாளைக்கே பசறைக்குப் போயிச் சுண்ணாம்பு வாங்கியாந்து நான் அடிச்சுடுறேன்யா. தகரந் தெரியாம மேல ஒரு சீல கட்டிடுறேன். மீட்டிங்கு நடக்கையில நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். இராசையா வீட்டுல போயி உக்காந்துக்குறேன். ஒரு பயலுக்கும் தெரியாது. நீ வந்துருய்யா."

ஜெயந்தினி அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு கோணியது. கண்ணில் நீர் கட்டி, விழுவதற்கு முன்னால் அவன் கையை நீட்டினான். அந்த விரல் பெரிதாகிக்கொண்டே வந்து படத்தை மறைத்தது. பிறகு ஒன்றும் இல்லை.

யசோதினி போனைப் பிடுங்கித் தட்டிப் பார்த்தாள். "அம்மா, லைன் போயிருச்சா?"

"இல்லம்மா," என்றாள் ஜெயந்தினி. "லைன் நல்லாத்தான் இருக்கு."